தண்ணீர்மேல் தலைதீபாவளி

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். தண்ணீரைப் பற்றியா, சம்பந்திகளைப் பற்றியா என்று இப்போது சரியாக நினைவில்லை. இத்தனை அடி தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் அளவு சொல்வார். அந்த அளவும் மறந்துவிட்டது. சொல்லும்போது வெற்றிலைச் சாறு வழியாமலிருக்க முகவாயைத் தூக்கிக்கொள்வார், அது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. வேண்டியது மறந்துவிடுகிறது, வேண்டாதது நிற்கிறது. உட்காருங்கள் சார். காபி கொஞ்சம் கசக்கும், நானே போட்டது. மாடியை அப்புறம் பார்க்கலாம். அது எங்கேயும் ஓடிவிடாது.

தரகர் உங்களிடம் என்ன சொன்னார்? வீடு காலி, உடனே குடி போகலாம் என்றாரா? அவர் அப்படித்தான், அவசரக்காரர். விடுவதா வேண்டாமா என்று நானே இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் விருதுநகரிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் மேனேஜர், இரண்டு குழந்தைகள், லாட்ஜில் தங்கியிருக்கிறீர்கள், எல்லாம் சொன்னார். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மாடி வாடகைக்கென்று கட்டியதில்லை சார். என் பெண் சம்யுக்தாவும் மாப்பிள்ளையும் பெங்களூரை விட்டுவிட்டு இங்கே வந்து இருக்க வேண்டும் என்று கட்டியது. அவர்கள் வருவார்களா, வரமாட்டார்களா, அதுதான் இந்த வீட்டில் ஒரே கேள்வி. மற்றதெல்லாம் சுண்ணாம்பும் செங்கல்லும்தான்.

கடல்மேல் வீடு பார்த்திருக்கிறீர்களா? வாட்டர் வில்லா என்பார்கள். மாலத்தீவில் இருக்கிறது. விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள், பச்சை மருந்து கரைத்த மாதிரி ஒரு கடல், அதன்மேல் தூண் ஊன்றி வரிசையாகக் குடில்கள். நான் அங்கே போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தவன். போய் வந்தவர்கள் எல்லாரும் சொர்க்கம் என்கிறார்கள். சொர்க்கத்தில் துருப்பிடிக்குமா சார்? நான் போன முதல் மணி நேரத்திலேயே பார்த்தேன், மூன்றாவது தூணில் போல்ட்டிலிருந்து துரு அழுது வடிந்திருக்கிறது. மாப்பிள்ளையிடம் காட்டினேன். "விடுங்க மாமா, லீவுக்கு வந்திருக்கறோம்" என்கிறார். லீவு என்றால் கண்ணையும் கழற்றி வைத்துவிட வேண்டும் போலிருக்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். நாற்பத்தொன்பது முடியப்போகிறது எனக்கு. பதினெட்டு வருஷம் மஸ்கட் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் பொறியாளனாக இருந்தேன். திரும்பி வந்து நான்கு வருஷம். பதினெட்டு வருஷம் கடலை வடிகட்டியவன் நான். என்னிடம் வந்து, பாருங்கள் கடல், பாருங்கள் கடல் என்றால்? மஸ்கட்டில் இருந்தபோது இந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வெள்ளிக்கிழமையானால் கடற்கரைக்குப் போகலாம் என்று நச்சரிப்பார்கள். வாரமெல்லாம் அதன் முகத்தில்தானே விழிக்கிறேன், விடுமுறை அன்றைக்குமா என்று படுத்துக்கொள்வேன். நியாயம்தானே? கடலோர ஊரில் பதினெட்டு வருஷம். ஐந்தாறு தடவை போயிருப்போம். அதுவும் விருந்தாளி வந்தால்.

தலைதீபாவளி உங்கள் பக்கம் யார் வீட்டில் நடக்கும்? பெண் வீட்டில்தானே? எங்கேயும் பெண் வீட்டில்தான். எண்ணெய் தேய்ப்பதும், புதுத்துணி கொடுப்பதும், மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவதும் மாமனார் வீட்டு உரிமை. எங்கள் கொங்குப் பக்கத்தில் அன்றைக்குக் காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாவிட்டால் பண்டிகையே விடியாது. நான் ஆடிக்கு முன்பே மாடி வேலையை முடித்துவிட்டேன். ஏ.சி. போட்டாயிற்று, மெத்தை வந்தாயிற்று. தீபாவளி அன்றைக்கு மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய், இதுதான் உங்கள் வீடு என்று சொல்வதாக ஏற்பாடு.

புரட்டாசியில் பெண் போன் செய்கிறாள். இந்தத் தீபாவளிக்கு நாம் நான்கு பேரும் மாலத்தீவு போகிறோம், அவர் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டார் என்று. மாப்பிள்ளை போனை வாங்கி, "மாமா, நீங்களும் அத்தையும் நாலு நாள் சும்மா உக்காருங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றார். பெயர் தரணிதரன். பெயரைப் பாருங்கள், பூமியையே தாங்குகிறவர். சும்மா உட்கார நான் என்ன ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனா? தலைதீபாவளிக்கு மாமனாரை மாப்பிள்ளை விருந்துக்குக் கூப்பிடுகிற அநியாயம் எங்கேயாவது உண்டா? பணம் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொள்ள எத்தனையோ வழி இருக்கிறது, இது ஒன்று.

நான் மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஆனால் என் மனைவி சுகந்தி, கேட்ட மறுநாளே ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். நாற்பத்தாறு வயதில் தொப்பி. நானும் யோசித்தேன். இந்த மாப்பிள்ளை எப்போது வந்தாலும் ஒரு காலை வாசலிலேயே வைத்துக்கொண்டு பேசுகிறவர். மாடி விஷயத்தை எடுத்தாலே வேலை வந்துவிடும். அங்கே நான்கு பக்கமும் கடல். எங்கே ஓடுவார்? அங்கேயே வைத்துக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

போய் இறங்கியதும் மேளம் தட்டுகிறார்கள். ஈரத் துண்டு கொடுக்கிறார்கள், முகம் துடைத்துக்கொள்ள. இளநீரில் காகிதக் குடை குத்திக் கொடுக்கிறார்கள். பொள்ளாச்சிக்காரனிடம் இளநீர். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்துகொண்டே இருக்கிறார், நிமிரச் சொல்வதற்கு யாராவது தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் போல. பக்கத்துப் பக்கத்துக் குடில்கள் இரண்டு, ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. குடிலுக்குள் போனால் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், மீன் பார்க்க. நாம் மீனைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். வேட்டி கட்டிய மனுஷன் மேலே நின்றால் கீழே இருந்து யார் எதைப் பார்ப்பது? குளியலறைக்குக் கதவு கிடையாது, படுக்கையிலிருந்தே தொட்டி தெரியும். இப்படி ஓர் இடத்துக்கு மாமனார் மாமியாரை அழைத்துப்போகத் தோன்றுகிறதே, அந்த மூளையைச் சொல்லுங்கள்.

இதைக் கேளுங்கள். கடலுக்கு மேலே வீடு, அந்த வீட்டுக்கு முன்னால் ஒரு நீச்சல் குளம். அந்தக் குளத்தில் நன்னீர். அந்த நன்னீர் எங்கிருந்து வருகிறது? கீழே இருக்கிற அதே கடலிலிருந்து. உப்பை எடுத்து, காசைக் கொட்டி, மேலே ஏற்றி, அதில் இறங்கி நின்றுகொண்டு கடலைப் பார்க்கிறார்கள். காலையில் அந்தக் குளத்தில் ஒரு பெரிய கூடைத்தட்டை மிதக்க விடுகிறார்கள், அதில்தான் சாப்பாடு. தட்டு ஒரு பக்கம் போகிறது, மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் அதன் பின்னாலேயே போகிறார், என் பெண் அதைப் படம் எடுக்கிறாள். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறுகிறது அவளுக்கு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சுகந்தி அதற்கு மேல். குடிலிலிருந்து கடலில் இறங்க ஒரு மர ஏணி இருக்கிறது. அதன் கடைசிப் படியில் உட்கார்ந்து புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டவள்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவாள், மறுபடி போய் உட்கார்ந்துகொள்வாள். என்னடி பார்க்கிறாய் என்று கேட்டால், ஒன்றும் பார்க்கவில்லை என்றாள். ஒன்றும் பார்க்காமல் ஒருத்தி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எனக்கு அந்த இடத்தில் மனுஷனாகப் பேச ஒரே ஓர் ஆள் கிடைத்தான். ஜெரோம் என்று பெயர், குளச்சல்காரன். தீவின் பின்பக்கம், வேலைக்காரர்கள் குடியிருப்புக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கடல்நீர் சுத்திகரிக்கிற ஆலை. சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துப் போய்விட்டேன். ஜெரோம்தான் அதற்குப் பொறுப்பு. "அண்ணே வாங்க, இந்தப் பக்கம் விருந்தாளி யாரும் வந்ததே இல்ல" என்றான். சின்ன ஆலை, சேமித்து வைக்கப் பெரிய தொட்டி கிடையாது, ஆனால் சுத்தமாக வைத்திருந்தான். இரண்டு நாள் காலையும் மாலையும் நான் அங்கேதான். அழுத்தம் எப்படிப் பார்ப்பது, உப்பை வடிகட்டுகிற சவ்வை எப்போது கழுவுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முக்கியமாக ஒன்று சொன்னேன். கடல்நீர் உறிஞ்சுகிற குழாய் வாயில் எண்ணெய்ப் படலம் மட்டும் வந்துவிடக் கூடாது தம்பி, ஒரு கரண்டி போதும், சவ்வு அத்தனையும் தூர எறிய வேண்டியதுதான், எண்ணெய் கண்ணில் பட்டால் யோசிக்காமல் ஆலையை நிறுத்து என்று. அவன் அதைத் தாளில் எழுதிக்கொண்டான். என் பெண் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். ஆமை பார்க்கப் படகு கிளம்புகிறது என்று ஒரு தடவை, சும்மா வாங்கப்பா என்று ஒரு தடவை. வருகிறேன் போ என்றேன். ஆமையை என்ன பார்க்க இருக்கிறது?

மூன்றாம் நாள் தீபாவளி. எங்கே இருந்தாலும் சூரியன் கிளம்புவதற்குள் எண்ணெய் தேய்த்துக் குளித்தாக வேண்டும் அல்லவா? இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஒரு லிட்டர் டின், சீயக்காய், மஞ்சள் தொட்டு வைத்த புதுத்துணி, எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோயிருந்தேன். நாலரைக்கு எல்லாரையும் எழுப்பிவிட்டேன். குளியலறைக்குத்தான் கதவில்லையே, எங்கள் குடிலின் வெளி மேடையில்தான் ஏற்பாடு. மரப்பலகை மேடை, ஓரத்தில் உப்புத்தண்ணீர் கழுவ ஒரு குழாய் இருக்கிறது. மாப்பிள்ளை துண்டோடு வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். அதில் குறை சொல்ல மாட்டேன், சொன்னபடி உட்கார்ந்தார். சுகந்தி அவர் தலையில் மூன்று தடவை எண்ணெய் வைத்தாள். நான் பின்னாலிருந்து டின்னோடு நின்றேன்.

எண்ணெய் சிந்திவிட்டது.

என்ன கேட்டீர்கள்? யார் சிந்தியதா? அது முக்கியமா சார்? டின் என் கையில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வழுக்குகிற கை, வழுக்குகிற பலகை. கையில் இருந்ததெல்லாம் நாம் செய்ததாகிவிடுமா? அந்தப் பலகைகளுக்கு நடுவே விரல் போகிற இடைவெளி விட்டிருக்கிறானே, அவனைக் கேட்க ஆளில்லை. முக்கால் டின்னும் அப்படியே இடைவெளி வழியாகக் கடலுக்குப் போய்விட்டது. இவ்வளவு பெரிய கடலில் முக்கால் லிட்டர் என்ன செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் பண்டிகை கொண்டாடுகிறவன், பொறியாளன் இல்லை. மாப்பிள்ளை குளித்தார், பெண் குளித்தாள், சுகந்தி குளித்தாள். கடைசியாக நான். என் தலையில் சீயக்காய் நிற்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.

விடிந்துவிட்டது. பார்க்கிறேன், எங்கள் குடிலுக்குக் கீழே இருந்து வரிசை முடிகிற வரைக்கும் கடல் வானவில் மாதிரி மினுங்குகிறது. எண்ணெய் அவ்வளவு தூரம் பரவும். எனக்குத் தெரியும், தெரியாமலென்ன. நடைபாலத்தில் ஒரே கூட்டம். கடல் உயிரினங்களைப் பார்த்துக்கொள்ளவென்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வைத்திருக்கிறார்கள், அவள் குப்பியில் தண்ணீர் மொண்டு படகிலிருந்து டீசல் கசிந்திருக்கிறது என்கிறாள். தீவு முழுக்கக் குழாயில் தண்ணீர் இல்லை. சோப்பு நுரையோடு ஒரு ரஷ்யாக்காரர் வெளியே வந்து நின்று கத்திக்கொண்டிருக்கிறார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெரோம் வந்தான். நான் சொன்னபடியே யோசிக்காமல் ஆலையை நிறுத்தியிருக்கிறான். எங்கள் ஏணியில் இறங்கி விரலைத் தண்ணீரில் தோய்த்தான், முகர்ந்தான். அந்தத் தீவில் அந்த வாசனை தெரிந்த ஒரே வேலைக்காரன் அவன்தான் சார்.

"அண்ணே, இது நல்லெண்ணெய்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். என் தலையைப் பார்த்தான்.

நான் சொல்லத்தான் இருந்தேன். வாயைத் திறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இந்த மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "நான்தாங்க, கை தவறிடுச்சு. எங்க பண்டிகை. என்னோட தப்புத்தான்" என்று ஜெரோமிடம் தமிழில் சொல்லி, அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொல்லி, மேலாளர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டார். மத்தியானம் வரைக்கும் படகில் போய்ப் பஞ்சு போட்டு எண்ணெயை ஒற்றியெடுக்கிறவர்களோடு அவரும் போய் உட்கார்ந்து ஒற்றினார். தலைதீபாவளி மாப்பிள்ளை.

எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார் பாருங்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கண்ணிமைக்கவில்லை, குரல் தடுமாறவில்லை. இப்படிச் சரளமாகப் பொய் சொல்கிறவர் நாளைக்கு என் பெண்ணிடம் என்னென்ன சொல்வார்? ஜெரோம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனான். அன்று மாலை அவன் கொட்டகைப் பக்கம் போனேன், வேலை இருக்கிறது அண்ணே என்று கதவைச் சாத்திக்கொண்டான். இரண்டு நாள் சொல்லிக் கொடுத்ததற்கு மரியாதை அவ்வளவுதான்.

மத்தியானம் எங்கள் குடிலில் நால்வரும் உட்கார்ந்தோம். பாட்டில் தண்ணீரால் நான் தலையை அலசியாகிவிட்டது. மோதிரத்தை எடுத்தேன். சுகந்தி இப்போது வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். எனக்கோ அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டு நிற்கிறவர் கொஞ்சம் தணிந்திருப்பார் அல்லவா? மோதிரத்தைப் போட்டேன். மாடி தயாராக இருக்கிறது, தை பிறந்ததும் வந்துவிடுங்கள், வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம், உங்களுக்கும் ஒரு பெரியவர் துணை இருந்த மாதிரி இருக்கும், இப்படிப் பொறுப்பில்லாமல் நடந்துகொள்ள வேண்டியிருக்காது என்று, தன்மையாகத்தான் சொன்னேன்.

மாப்பிள்ளை மோதிரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "மாமா, நீங்க எப்பக் கூப்பிட்டாலும் வருவேனுங்க. குடி வர மாட்டேனுங்க" என்றார்.

நான் பெண்ணைப் பார்த்தேன். நீ சொல்லம்மிணி என்றேன். அவள் அழவெல்லாம் இல்லை. தெளிவாக இருந்தாள்.

"அப்பா, மேல வந்து குடியிருந்தா, நான் உங்களுக்காக இவர்கிட்டப் பேசோணும், இவருக்காக உங்ககிட்டப் பேசோணும். அம்மா இத்தன வருசம் அதத்தான் பண்ணீட்டிருந்தாங்க. எனக்கு வேற வேலை இருக்குதுங்கப்பா."

சுகந்தி எழுந்து ஏணிக்குப் போய்விட்டாள். ஒரு வார்த்தை என் பக்கம் பேச வேண்டாமா? போய் அந்தக் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் என்ன பேசினாள், யாருக்காகப் பேசினாள், எனக்குத் தெரிந்து ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் சண்டையே இருந்ததில்லை சார். நான் சொல்வேன், அவள் சரி என்பாள், இதில் நடுவில் பேச என்ன இருக்கிறது? எல்லாம் இந்த இடம் செய்கிற வேலை. நான்கு நாள் தரையில் கால் படாமல் இருந்தால் யாருக்கும் புத்தி மிதக்கத்தான் செய்யும்.

மறுநாள் நான் மட்டும் கிளம்பி வந்தேன். அவர்கள் மூவரும் இன்னும் இரண்டு நாள் நீட்டித்துக்கொண்டு இருந்தார்கள். படகு கிளம்பும்போது மாப்பிள்ளைதான் என் பெட்டியைத் தூக்கி வைத்தார், மாத்திரை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். நடிப்பு. சுகந்தி அங்கிருந்து நேராகப் பெண்ணோடு பெங்களூர் போனாள். பத்து நாள் என்றாள். நேற்றோடு இருபத்தெட்டு நாள். கேட்டால், இங்கே பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது, காலையில் நடக்கப் போகிறேன் என்கிறாள். அந்த ஊர் ஏரியில் தண்ணீரா இருக்கும், நுரைதான் இருக்கும். சொன்னேன். சிரித்தாள்.

நேற்று பெண் போன் செய்தாள். மாடி இப்படி வீணாகக் கிடக்கிறதே, ஏ.சி. ஓடாமல் கெட்டுவிடுமே என்று பொதுவாகத்தான் சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை, கேட்கிற ஆள் நானில்லை. அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "நல்ல குடும்பமாப் பாத்து வாடகைக்கு விடுங்கப்பா. உங்களுக்கும் பேச்சுத் துணைக்கு ஆச்சு." பேச்சுத் துணையாம். போகிற வருகிறவரைப் பிடித்து உட்காரவைத்துக் கதை சொல்கிறவனா நான்? அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். காபி ஆறிவிட்டதே, வேறு போடட்டுமா? வேண்டாமா? மணி பத்தரையா ஆகிவிட்டது? நீங்கள் ஒன்பதுக்கு வந்தீர்கள் இல்லையா.

மாடியில் இரண்டு படுக்கையறை, கிழக்கே பார்த்த சமையலறை. தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் வரும். கார்த்திகை முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது, மார்கழி பிறந்துவிட்டால் நீங்கள் குடி வர மாட்டீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் அம்மாவையும் குழந்தைகளையும் அழைத்துவந்து மாடியில் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் சார்.